கைப்பிடிக்கு வைத்த பொட்டு

பைராம் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அப்படிப்பட்டவன் பினாங்கு ஜார்ஜ் டவுனில் தூண்டில் கோல் கட்டும் கடை வைத்தேன். ஒருத்தரும் தொழில் சொல்லித் தரவில்லை. வெளிநாட்டுக் கோல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். செபராங் ஜெயாவில் மாடி வீடு கட்டினேன். மகள் தேவியைக் கணக்காளர் ஆக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோலை ஆட்டிப் பார்த்தே, அது எத்தனை கிலோ மீனைத் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். (ஒரே ஒரு தடவை தப்பாகப் போனது. தப்பு மீன் மேல்தான்.) இவ்வளவும் செய்த இதே கைதான் பன்னிரண்டு புதுக் கோல்களை ஒரே நாளில் பாழாக்கியது. நானே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு கேப்டன் ஓங் கடைக்கு வந்தார். சுற்றுலாக்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைக்கும் படகுகள் அவருடையவை. ஒரு படகுக்குப் பன்னிரண்டு கோல் வேண்டும். பிடித்திருந்தால் மற்ற படகுகளுக்கும் என்னிடமே. அந்தச் சமயத்தில் எல்லாரும் கைப்பேசியிலேயே கோல் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். கடையில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். (ஈக்களும் குறைந்துபோயிருந்தன.) இந்த வேலை கை நழுவினால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

“கைப்பிடி நீங்களே பாத்துப் போடுங்க லா, ஆனே,” என்றார் ஓங். (அவர் பேசியது மலாய். அண்ணே என்பது பினாங்கில் பல வாய்களில் ஆனே ஆகிவிடும்.)

கைப்பிடிக்கு இரண்டு வகை உண்டு. ஒன்று மரப்பட்டையிலிருந்து எடுக்கும் இயற்கைத் தக்கை. எடையே தெரியாது, உள்ளங்கைக்கு இதமாக இருக்கும், தண்ணீருக்கடியில் மீன் மூக்கால் இடித்தாலும் கைக்குச் சேதி வந்துவிடும். ஆனால் மேலெல்லாம் பொடிப்பொடியாகத் துளை. இன்னொன்று தொழிற்சாலையில் செய்யும் செயற்கைத் தக்கை. பார்வைக்கு அதன் தம்பி மாதிரி இருக்கும். துளை கிடையாது, கொஞ்சம் கனம்.

கோலில் நூல் சுற்றி வளையம் கட்டுவது என் மனைவி சரோஜாவின் வேலை. ஓங் போனதும் அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“ஏங்க, படகுன்னா உப்புத் தண்ணி, மீன் ரத்தம், நூறு பேரு கை. அந்தத் துளையெல்லாம் எல்லாத்தையும் குடிச்சிரும். செயற்கையே போட்டுருங்க.”

“ஒனக்கு நூலுதான் தெரியும். தக்கை எனக்குத் தெரியும்.”

“சரி. நீங்க தக்கை டாக்டரு.”

பன்னிரண்டையும் இயற்கைத் தக்கையில் கட்டினேன். எது ஒசத்தி என்று ஓங் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, பதிமூன்றாவதாக ஒன்றைச் செயற்கைத் தக்கையில் கட்டி வைத்தேன். (கர்வம்தான், வேறென்ன.)

வேலை முடிந்த மறுநாள் ஆயுத பூஜை. டிரில் மெஷின், கத்தி, தராசு, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கடையையே காப்பாற்றப் போகிற கோல்களுக்கு மட்டும் சின்னப் பொட்டு போதுமா? சந்தனத்தைக் குழைத்து, ஐம்பது காசு அகலத்துக்குக் கைப்பிடியில் அப்பி, அதன் மேல் குங்குமத்தை அழுத்தினேன்.

“கழியில வைங்களேன்,” என்றாள் சரோஜா.

“மனுசன் புடிக்கிற எடத்துலதான் சாமி நிக்கணும்.”

அடுத்த நாள் காலையில் துடைத்தேன். பதிமூன்றாவது கோல் ஒரே துடைப்பில் சுத்தமானது. மற்ற பன்னிரண்டும் குங்குமத்தைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டன. ஈரத் துணியால் தேய்த்தேன், பொட்டு தட்டாக விரிந்தது. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தேன், சிவப்பு மஞ்சளானது. போகிறதே என்று உற்சாகமாகிச் சோப்பு போட்டேன். மறுபடியும் சிவந்தது, முன்னைவிடச் செழிப்பாக. (குங்குமம் மஞ்சளில் செய்வதாம், புளிப்புக்கு மஞ்சளாகும், சோப்புக்குச் சிவக்கும் என்று தேவி பிற்பாடு விளக்கினாள். நாலாம் வகுப்பில் அந்தப் பாடம் வரவில்லை.)

அந்த நேரம் பார்த்து ஓங் வந்தார். வெள்ளைக் கால்சட்டையில் வந்தார்.

“இது புது மாடல், கேப்டன். வெளிநாட்டுல இப்ப இதுதான்,” என்றேன்.

ஓங் ஒரு கோலை எடுத்து வீசிப் பார்த்தார். வேர்த்த கையைத் தொடையில் துடைத்தார். பிறகு குனிந்து பார்த்தார். வெள்ளைத் துணியில் ஐந்து விரலும் அச்சாக விழுந்திருந்தன.

“ஆனே, என் கெஸ்டுங்க இதப் புடிச்சா, படகுல நான் யாரையோ கொன்னுட்டேன்னு நெனப்பாங்க. கோவிச்சுக்காதீங்க, நான் வேற கடை பாத்துக்கறேன்.”

கடை மூடுகிற சத்தம் காதில் கேட்டது.

சரோஜா எழுந்து வந்தாள். பதிமூன்றாவது கோலை எடுத்தாள். சாமி படத்தடியிலிருந்த குங்குமத்தில் ஒரு கை அள்ளி, தண்ணீர் விட்டு, மீனுக்கு மசாலா தடவுகிற மாதிரி கைப்பிடி முழுக்க அழுத்தித் தடவினாள். கோலையும் ஈரத் துணியையும் ஓங்கிடம் நீட்டினாள்.

“நீங்களே தொடைங்க, கேப்டன்.”

அவர் துடைத்தார். கைப்பிடி பளிச்சென்று இருந்தது. நகத்தால் சுரண்டினார், முகர்ந்தும் பார்த்தார்.

“மீன் ரத்தமும் இப்படிப் போயிருமா, அக்கா?”

“ரத்தம், சம்பல், உங்க கெஸ்டு சாப்புடற கோழி எண்ணெய், எல்லாம் போகும். பன்னெண்டுலயும் கைப்பிடிய மட்டும் அறுத்துட்டு இந்தச் செயற்கைத் தக்கைய மாட்டித் தர்றோம். வெள்ளிக்கிழமை வாங்க.”

ஓங் யோசித்தார். தலையாட்டினார். “என் கால்சட்டை?”

“அதுக்குச் சோப்பு மட்டும் போட்டுறாதீங்க,” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டும் போயின. மாதம் திரும்புவதற்குள் மற்ற படகுகளுக்கும் சொல்லிவிட்டார். கடை இன்றும் திறந்திருக்கிறது. ஓங் முன்னால் “நான் அப்பவே சொன்னேன்ல” என்று சரோஜா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. (அவர் போன பிறகு சொன்னாள். நிறையச் சொன்னாள்.) அந்த மௌனத்துக்கு நான் சாகும்வரை கடன்பட்டவன். ஆற்று மீனுக்குக் கோல் கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதும் இயற்கைத் தக்கைதான் கட்டுகிறேன், அதன் சுகமே தனி. படகுக்காரர்கள் வந்தால் சரோஜாவைக் கூப்பிடுகிறேன்.

ஆயுத பூஜை வந்தால் தேவி, “அப்பா, நீங்க அந்தப் பக்கமா நின்னு கும்புடுங்க,” என்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. போன மாதம் கடைச் சுவரில் அவள் எழுதி வைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை: ‘குங்குமச் சோதனை. கண்டுபிடித்தவர்: சரோஜா.’

சரோஜா பெயர் மேலேயே இருக்கட்டும், அது அவளுக்கு நியாயமாகச் சேர வேண்டியது. ஆனால் பன்னிரண்டு நல்ல கோல்களைப் பணயம் வைத்து, எலுமிச்சையும் சோப்பும் போட்டு ஒரு காலை முழுக்க ஆராய்ச்சி செய்தவன் யார்? அதே அளவு எழுத்தில், கீழே இன்னொரு வரி வேண்டும்: ‘முதலில் கெடுத்துக் காட்டியவர்: முத்தையா.’ பெயிண்ட் நானே வாங்கி வைத்துவிட்டேன்.