உவர்நாட்டு நெய்க்கிண்ணம்

உவர்நாடு என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடாதீர்கள். தேடிக் கிடைத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. மூன்று பக்கம் உப்பளம், ஒரு பக்கம் அரண்மனை. அளத்தில் உப்பு விளைந்தது, அரண்மனையில் சட்டம் விளைந்தது. உப்பாவது மழை வந்தால் கரைந்துபோகும்.

அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. உப்பள வரப்பின் மேல் ஒரு கல்தூண். அதன் தலையில் ஒரு வெண்கலக் கிண்ணம் நிறைய உறைந்த நெய்யைக் காலையில் வைப்பார்கள். வெயில் ஏறி நெய் முழுக்க உருகியதும் மணிக்காரர் மணி அடிப்பார். மணி கேட்டால் அளத்தில் இருப்பவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போய்விடலாம். வெயில் தாழ்ந்தபின் திரும்பி வந்தால் போதும். பழைய ராஜா ஒருவர் போட்ட சட்டம். அவரும் பெரிய தர்மவான் ஒன்றுமில்லை. ஆள் செத்துப்போனால் உப்பு வார ஆளிருக்காது என்று தெரிந்தவர், அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு காக்கை கிண்ணத்தில் வாய் வைத்துவிட்டது. அரசாங்க நெய் அல்லவா! பேரமைச்சர் நிதானராயர் உடனே சபையைக் கூட்டினார். காரசாரமான விவாதம். முடிவில், நெய்யின் பாதுகாப்பை முன்னிட்டுக் கிண்ணத்தை மகாராஜா சீதளவர்மரின் மண்டபத்துக்குள், சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே வைப்பது என்று தீர்மானமாயிற்று. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்றார் நிதானராயர். வாஸ்தவம்தான். நெய் உருகினால் மணி அடிக்கும். ஆனால் மண்டபத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் வெட்டிவேர்த் தட்டி, அதில் ஓயாமல் தண்ணீர் தெளிப்பு, மேலே வரிசையாகத் தொங்கு விசிறிகள். அங்கே நெய் எந்தக் காலத்தில் உருகும்?

விசிறிகளின் கயிறுகள் சுவரில் இருந்த ஓட்டைகள் வழியாக வெளிமுற்றத்துக்குப் போகும். முற்றத்து வெயிலில் உட்கார்ந்து ஆட்கள் இழுப்பார்கள். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் விசிறிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பதால் ஒருவர் பாட்டுப் பாட, அடி முடியும் இடத்தில் எல்லோரும் ஒரே இழுப்பாக இழுப்பது வழக்கம். பாடுகிறவர் மாசாணம்.

மாசாணத்துக்கு அரண்மனை என்றால் உயிர். நெய் உருகாத ஆண்டுக்காக மகாராஜா போர்த்திய சரிகைத் துண்டை வீட்டு வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைத்திருந்தார். அவருக்கு ஒரே மகள், சந்தனமாரி. மருமகன் உப்புத் தோணியில் போனவன், வர மாதக்கணக்காகும். சந்தனமாரி ஆறு மாதக் கர்ப்பத்தோடு அளத்தில் உப்பு சுமந்துகொண்டிருந்தாள். அப்பா இழுக்கிற இழுப்பில்தான் மகளுக்கு மணி அடிக்காமல் இருக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. மாசாணத்துக்கு மட்டும் உறைக்கவில்லை. அவர் கிண்ணத்தைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அவருக்கும் அதற்கும் நடுவே சுவர் இருந்தது.

வருஷத்துக்கு வருஷம் வெயில் கூடியது. நாட்டில் செய்தி முரசு என்று ஒன்று உண்டு. நடந்ததைச் சந்தைத் திடலில் நின்று சொல்வார்கள். "இன்று அளத்தில் நான்கு பேர் மயங்கி விழுந்தார்கள்" என்று ஒருநாள் அது அறைந்தபோது அரண்மனை கொந்தளித்தது. ஒருதலைப்பட்சம்! மறுநாளே ஆணை வந்தது, செய்தி நடுநிலையாக இருக்க வேண்டும் என்று. அன்று முதல் முரசு இப்படி அறைந்தது: "இன்று அளத்தில் ஏழு பேர் மயங்கி விழுந்தார்கள். மற்றவர்கள் விழவில்லை."

அது போதாதென்று கருத்து முரசு ஒன்றும் ஏற்பட்டது. அதை அறைபவர் விவேகசாரதி. சந்தை வேப்பமர நிழலில், குடை பிடிக்க ஒருவர், மோர் கொடுக்க ஒருவர் என்று நின்றுகொண்டு வெளுத்துக்கட்டுவார்.

"மக்களே! வெயில் என்று புதிதாக ஒன்று வந்துவிட்டதாமே! நம் முன்னோர் காலத்தில் சூரியன் இல்லையா? அப்போதும் மயங்கினார்கள். ஆனால் கௌரவமாக மயங்கினார்கள், சங்கம் வைத்துக்கொண்டு மயங்கவில்லை! இந்தச் செய்தி முரசு வெயில் வெயில் என்று கத்தக் கத்தத்தான் நமக்கு வியர்க்கிறது. காதைப் பொத்திக்கொள்ளுங்கள், தானாகக் குளிரும்!"

கூட்டத்தில் முதல் கைதட்டல் மாசாணத்துடையது. வீட்டுக்குப் போய் மகளிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பார். "ஏட்டி, எல்லாம் இந்தச் சங்கத்துக்காரப் பயலுவ கெளப்பி விடுததுதான்" என்பார். அவள் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள்.

அளத்துக்காரர்கள் வைத்திருந்த சங்கமும் லேசுப்பட்டதில்லை. முதல் இரண்டு கூட்டங்கள் கொடியில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையிலேயே கழிந்தன. ஆனால் தலைவர் தளவாய் கடைசியில் ஒரே ஒரு கோரிக்கையோடு பேரமைச்சர் முன்னால் போய் நின்றார். கிண்ணத்தைப் பழையபடி வரப்பில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"வைக்கலாம். எனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை. காக்கைக்கு யார் பொறுப்பு?" என்றார் நிதானராயர்.

"நாங்க பாத்துக்கிடுதோம் எசமான்."

"நாங்கள் என்றால்?"

"நாங்கன்னா... நாங்கதான். எல்லாரும்."

"பார்த்தீர்களா! ஒரு காக்கையைக் காரணம் காட்டி எல்லோரும் ஒன்றுசேரத் திட்டம்!" என்று நிதானராயர் சபையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தளவாய் சிறைக்குப் போனார். சங்கம் கலைக்கப்பட்டது. எது சங்கம் என்பதில் குழப்பம் வரக்கூடாதல்லவா, அதற்கும் விளக்கம் தந்தார்கள்: ஒரே நேரத்தில் இருவர் வியர்வை துடைத்தால் அது சங்கம். வெயில் என்ற சொல்லுக்குப் பதில் 'ஒளிவளம்' என்று சொல்லவும் உத்தரவாயிற்று.

அந்தக் கோடையில் கிண்ணத்து நெய்யின் ஓரம் லேசாகப் பளபளத்தது. நிதானராயர் பதறிப்போய் விசிறிகளை இரட்டிப்பாக்கினார். புதிய கயிறுகளுக்கு ஆள் வேண்டுமே? அளத்திலிருந்து பிடித்துவந்தார்கள். அளத்தில் மிஞ்சியவர்களுக்குச் சுமை இரட்டிப்பாயிற்று. ஒருநாள் உச்சிப் பொழுதில் சந்தனமாரி உப்புக் கூடையோடு வரப்பிலேயே சரிந்தாள். நான்கு பெண்கள் தூக்கிவந்து வீட்டில் போட்டார்கள்.

மாசாணம் ஓடிவந்து பார்த்தபோது அவளுடைய உதடு வெடித்திருந்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

"யப்பா, புள்ள காலையிலருந்து அசையவே இல்ல" என்றாள்.

மாசாணம் மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினார். மருத்துவச்சி வந்து தண்ணீரும் கஞ்சியும் புகட்டி, வெகுநேரம் தடவிக்கொடுத்தபிறகு பிள்ளை ஒரு உதை உதைத்தது. "இனி ஒருக்க வெயில்ல விழுந்தான்னா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்" என்றாள் மருத்துவச்சி. ஒளிவளம் என்று சொல்ல அவளுக்கு மறந்துபோயிற்று.

வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் அது வேலைநிறுத்தம், அதற்கும் சிறை. ஆகவே மாசாணம் சரிகைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நிதானராயரிடம் போனார். இத்தனை வருஷ விசுவாசத்துக்கு இதுகூடவா கிடைக்காது?

"எசமான், எம் மவ மயங்கி விழுந்துட்டா. மாசமா இருக்கா. புள்ள பொறக்கது வரைக்கும் வீட்டுல இருந்துக்கிட உத்தரவு தரணும்."

நிதானராயர் அவரை அன்போடுதான் பார்த்தார். சிம்மாசனத்துப் பக்கம் கையைக் காட்டினார். "அதோ பார். என்ன தெரிகிறது?"

அன்றுதான் மாசாணம் முதல்முதலாகக் கிண்ணத்தைப் பார்த்தார். நெய் கட்டியாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. மண்டபத்துக் குளிரில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"நெய்யே உருகவில்லை. உன் மகள் எப்படியப்பா மயங்கினாள்?" என்றார் நிதானராயர். "சட்டம் எல்லோருக்கும் பொது. நீயோ நெய்யை உருகாமல் காப்பதில் மன்னன். உன் கையிலேயே ஆதாரத்தை வைத்துக்கொண்டு என்னிடம் வரலாமா? போ, போய்க் கயிற்றைப் பிடி."

மாசாணம் வெளியே வந்தார். முற்றத்து வெயில் செவிட்டில் அறைந்தது. பாவி மனுஷா, இத்தனை வருஷம் உன் மகள் தலைக்கு நீயேதான் வெயிலை இழுத்துக்கொண்டிருந்தாயா! தன்னைத்தானே நாலு போடு போடலாம் போல இருந்தது. துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தார். மறுநாள் சந்தனமாரி கூடையோடு அளத்துக்குப் போனாள்.

தான் மட்டும் கயிற்றை விட்டால் ஒரு விசிறிதான் நிற்கும். எல்லோரும் விட்டால் அது சங்கம். மாசாணம் அதையெல்லாம் யோசித்துச் செய்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்று வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு அடி பாட ஆரம்பித்தார். பாதியில், குரல் மேலே போய் இறங்கவேண்டிய இடத்தில், நிறுத்திவிட்டார்.

இழுக்க ஓங்கிய கைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. அடி முடிந்தால்தானே இழுக்க முடியும்? யாரும் கயிற்றை விடவில்லை, யாரும் ஓய்வெடுக்கவில்லை, யாரும் வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை. மீதிப் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். மேஸ்திரி ஓடிவந்தார்.

"என்னவே நிறுத்திட்டீரு?"

"மீதி வரி வரமாட்டேங்கு."

"என்னது, வரமாட்டேங்கா? நாப்பது வருசமாப் பாடுத பாட்டுவே இது!"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு" என்றார் மாசாணம். மேஸ்திரி தானே பாடிப் பார்த்தார். அந்தக் குரலுக்கு விசிறிகள் நாலா பக்கமும் மோதிக்கொண்டு இரண்டு அறுந்து விழுந்தன. அதற்குள் உள்ளே வெக்கை ஏறியது. நெய் குழைந்தது, பிறகு பளபளத்தது, பிறகு முழுக்க உருகியது. மணிக்காரர் சட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர். மண்டபத்துக்குள் எட்டிப்பார்த்தார், போனார், மணியை அடித்துவிட்டார். பல வருஷங்களுக்குப் பிறகு அளத்தில் அந்தச் சத்தம் கேட்டது. இளசுகளுக்கு அது என்னவென்றே புரியவில்லை. சந்தனமாரி கூடையை இறக்கிவைத்துவிட்டு அழுதுகொண்டே நிழலுக்கு நடந்தாள்.

மறுநாள் சபை கூடியது. மூன்று தீர்மானங்கள். ஒன்று, நெய் அந்நியச் சதிக்கு உடந்தையாகிவிட்டது. இரண்டு, அளவைகள் உறுதியாக இருக்கவேண்டும் என்பதால் கிண்ணத்தில் இனி நெய்க்குப் பதில் ஒரு கருங்கல் வைக்கப்படும். கல் உருகும் அன்று மணி தவறாமல் அடிக்கும். மூன்றாவது தீர்மானத்தை நிதானராயர் பெருமையோடு படித்தார். கல்லுக்கு விசிறி தேவையில்லை. ஆகவே விசிறிக்காரர்கள் அத்தனை பேரும் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்கள். கஜானாவுக்குப் பெரிய மிச்சம்.

சபை கரகோஷம் செய்தது. அந்த விசிறிகள் இதுவரை நெய்க்கு மட்டும் வீசவில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாசாணம் மகளை வீட்டில் இருத்திவிட்டு, ஆளுக்குப் பதில் ஆள் என்று அவளுடைய கூடையைத் தான் எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனார். மகள் உச்சிக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகாராஜா சீதளவர்மர் சிம்மாசனத்தில் தெப்பமாக நனைந்தபடி, "ராயரே, கொஞ்சம் வெக்கையாக இல்லை?" என்று கேட்டாராம். "கல் உருகவில்லையே மகாராஜா" என்றாராம் நிதானராயர். மகாராஜா அதற்குச் சரி என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே மயங்கிச் சாய்ந்துவிட்டார்.

நிதானராயர் அன்று உச்சி வெயிலில் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு அளத்து வரப்பில் ஓடிவந்தார். உப்புத் தரையின் வெள்ளை அவர் கண்ணைக் கூசவைத்தது. மாசாணம் கஞ்சிக் கலயத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மாசாணம், உடனே கிளம்பு. மகாராஜாவுக்குக் காற்று வேண்டும்."

"நான் மட்டும் வந்தா ஒத்த விசிறிதான எசமான் ஆடும்?"

"எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா!"

"எல்லாரும் சேந்து வந்தா சங்கமாயிருமே."

நிதானராயர் சுற்றுமுற்றும் பார்த்தார். அளத்துக்காரர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டார். ஒவ்வொருவரும் மரியாதையாகக் கும்பிட்டு, "எனக்கு மட்டும் என்ன தெரியும் எசமான்" என்றார். கால் சுட, திரும்பி வந்தார்.

"பின்னே நான் யாரிடம்தான் பேசுவது?" குரல் கிட்டத்தட்ட அழுகையாக இருந்தது.

"தளவாய்கிட்டப் பேசுங்க. நீங்கதான புடிச்சி உள்ள வச்சிருக்கீக" என்றார் மாசாணம்.

அன்று சாயங்காலம் விவேகசாரதி முரசை அறைந்தார். தளவாய் விடுதலை ஆனார். ஒன்றுகூடுவது உவர்நாட்டின் தொன்மையான மரபு என்றும், அதை எதிர்ப்பவர்கள் முன்னோரை அவமதிப்பவர்கள் என்றும் விவேகசாரதி முழங்கினார். அதோடு நில்லாமல், வெயில் என்ற ஒன்றை முதன்முதலில் கண்டுபிடித்தவரே நம் மகாராஜாதான், அதுவும் தம் சொந்த உடம்பை வைத்துக் கண்டுபிடித்தார் என்றும் சொன்னார். கூட்டம் ஆரவாரித்தது. பக்கத்தில் நின்றவர், "அண்ணாச்சி, செயிச்சிட்டோம்!" என்று மாசாணத்தின் தோளில் தட்டினார்.

மாசாணம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மகளிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

"அப்ப கிண்ணத்த வரப்புக்குக் கொண்டாந்து வச்சிருவாகளா யப்பா?"

மாசாணம் விவேகசாரதி பேசியதை முதலிலிருந்து கடைசிவரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒரு சொல் விடாமல் ஒப்பிக்கத் தெரிந்தவர் அல்லவா!

"அத மட்டும் சொல்லலட்டி" என்றார்.

வாசலில் அரண்மனைப் பல்லக்கு வந்து நின்றது. விசிறிக்காரர் தலைவர் என்று மாசாணத்தை அழைத்துப்போக மகாராஜா அனுப்பிய பல்லக்கு. கூடவே பெரிய சரிகைத் துண்டு ஒன்று. மாசாணம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, பனையோலை விசிறியை எடுத்து அவளுக்கு வீச ஆரம்பித்தார்.