மைனஸ் காட்டிய தண்ணீர்

எந்தக் கருவியையும் தாயன்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு யாரும் செய்வதில்லை. வடக்கே, கராடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்ட அறையில், ஊரே பார்க்கப் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை இது.

அப்போது நான் கசார்வாடியில், தண்ணீர்ப் பரிசோதனைக் கருவி செய்யும் சின்னப் பட்டறையில் பயிற்சியாளன். தண்ணீருக்குள் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவோம். அதில் கரைந்திருக்கும் சாக்கடைக் கசிவு, இலை அழுகல் எல்லாம் ஒளியை விழுங்கும். எவ்வளவு விழுங்குகிறதோ அவ்வளவு பெரிய எண் திரையில் வரும். ஆனால் முதலில் காய்ச்சி வடித்த நீரைக் காட்டி, ‘இதுதான் பூஜ்யம்’ என்று கருவிக்குச் சொல்லிவிட வேண்டும். (பிள்ளைக்கு ‘அ’ சொல்லிக்கொடுப்பது போலத்தான். அங்கே கோணினால் கடைசிவரை கோணல்.)

கராடிக்காரர்களுக்கு டேங்கர் தண்ணீர் மேல் சந்தேகம்; கருவியை நேரில் இயக்கிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். “இந்த ஆர்டர் வந்தால் நீ நிரந்தரம்” என்றார் முதலாளி. வராவிட்டால்? தேஹு ரோட்டில் வாப்பாவின் செருப்புக் கடை என்னை இரு கை நீட்டி அழைத்துக்கொண்டிருந்தது. நேராகக் கராடி போகலாமென்று, காய்ச்சி வடித்த நீர் பாட்டிலை முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தேன். (மேதை!)

மறுநாள் கூட்டம் நிரம்பி வழிந்தது. டேங்கர்காரர் மூலையில் வியர்த்து நின்றார். பாட்டில் நீரில் பூஜ்யம் வைத்தேன். டேங்கர் தண்ணீரை ஊற்றினேன். திரையில் மைனஸ்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கோயம்புத்தூர்க்காரர். “ஏனுங் தம்பி, மைனஸ்னா என்னங்?”

“சுத்தத்தை விடச் சுத்தம் சார்” என்றேன். (என் வாயில் மண் விழ!)

யாரோ வரவேற்பறை மீன் தொட்டியிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு வந்தார்கள். அதுவும் மைனஸ். டேங்கர்காரர் “பகா! பகா!” என்று எல்லாரையும் திரையைப் பார்க்கச் சொல்லிக் கூவி, என்னைக் கட்டிப்பிடித்து, கையோடு சான்றிதழும் கேட்டார்.

எனக்கு நாக்கு வறண்டது. கையிலிருந்த பாட்டிலையே வாயில் கவிழ்த்தேன். கமகமவென்று வெட்டிவேர் மணத்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அமுக்கியிருக்கிறேன்.

“உம்மா, பாட்டில்ல இருந்த தண்ணி எங்க?”

“அந்த வெறுந்தண்ணியா? கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டேன். இந்த வெயில்ல வெறுந்தண்ணி குடிச்சா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்ல? வெட்டிவேர் ஊறப் போட்டு, வடிகட்டி ஊத்தி வச்சேன். குடிச்சியா?”

“குடிச்சேம்மா.”

செயலாளர் இதை வரி விடாமல் இந்தியில் மொழிபெயர்த்தார். கூரை அதிரச் சிரித்தார்கள். நானோ மனத்துக்குள் செருப்புகளை அளவுவாரியாக அடுக்க ஆரம்பித்திருந்தேன்.

சிரித்து முடித்த செயலாளர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீர் கேனை வரவழைத்தார். அதில் மறுபடி பூஜ்யம் வைத்தேன். இப்போது டேங்கர் தண்ணீரின் எண் எகிறியது. டேங்கர்காரரை அப்புறம் காணவில்லை. உம்மாவின் தண்ணீரையும் ஊற்றச் சொன்னார்கள். அது எல்லாவற்றையும் தாண்டிப் போனது. அழுக்கா மருந்தா என்றெல்லாம் கருவிக்குத் தெரியாது, வேரின் சாறும் ஒளியை விழுங்கும்; அதையே பூஜ்யமென்று காட்டியதால்தான் மற்றதெல்லாம் மைனஸ். செயலாளர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பளிங்கு போலிருந்தது.

“கண்ணுக்கே தெரியாத வெட்டிவேரப் புடிக்குதுன்னா, இந்த மிஷினையே வாங்கிப்போடலாமுங்க.”

எனக்கு வேலை நிரந்தரமானது. சந்தோஷத்தில் பஸ்ஸில் முன்பின் தெரியாதவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன்.

இன்றும் வீட்டில் யாராவது தற்பெருமை அடித்தால் வாப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “எந்தத் தண்ணில பூஜ்யம் வச்சே?” என்பார். முதலாளியோ எந்தச் செயல்விளக்கத்துக்கும் உம்மாவின் வெட்டிவேர்த் தண்ணீரில்லாமல் என்னை அனுப்புவதில்லை. உம்மாவும் அலுக்காமல் இரண்டு பாட்டில் நிரப்பித் தருகிறாள்.

“ஒண்ணு ஒனக்கு. இன்னொண்ணு அந்த மிஷினுக்கு. அதுக்கும் தாகம் எடுக்கும்ல, பாவம்!”