பரணிலிருந்து இறங்கிய பாடம்

தான் உயிரோடு இருக்கிறவரை பரணிலிருந்து ஒரு காகிதம் கீழே இறங்காது. போகிக்கு முந்தின நாள் காலை, உத்திரமேரூரில் தன் வீட்டுக் கூடத்தில் நின்று கன்னியப்பன் செய்த பிரகடனம் இது.

பரணில் இருந்தவை ஒன்பது மூட்டைத் துண்டுப் பிரசுரங்கள். இந்தி எதிர்ப்பில் மூன்று தடவை ஜெயிலுக்குப் போனவருக்கு மிஞ்சிய சொத்து அவைதான். அவர் பின்னால் கொடி பிடித்து வந்தவர்களெல்லாம் இன்று ஜீப்பில் போகிறார்கள். புழுதி மட்டும் இவர் மேல் படிகிறது. ஜெயிலில் கற்ற இங்கிலீஷை மட்டும் யாராலும் பிடுங்கிக்கொள்ள முடியவில்லை.

அவர் மனைவி சொக்கம்மாளுக்குப் பரண் வேண்டும். விதைநெல் மூட்டைகள் கூரை ஒழுகும் மூலையில் கிடந்தன. இன்னொரு மழை பெய்தால் மூட்டையிலேயே முளைத்துவிடும்.

சண்டைக்குத் தயாராக நின்றவரிடம் அவள் சண்டை போடவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏன்யா, கிராம சேவகி அம்மா ஒரு வாட்டி டேக்குன்றாங்க, ஒரு வாட்டி ரிமூவுன்றாங்க. எல்லாமே எடுக்கறதுதானே?”

கன்னியப்பனின் முதுகு நிமிர்ந்தது. இருபது வருஷத்தில் அவள் அவரிடம் சந்தேகம் கேட்டது இதுதான் முதல் தடவை.

“எல்லாம் ஒண்ணா? இன்னாமே இப்படிக் கேட்டுட்டே! சும்மா டேக்குன்னா கையில எடுக்கறது. டேக் ஆஃபுன்னா சட்டையக் கயட்டறது. டேக் டவுன்னா மேல கீறத கீய எறக்கறது.”

“வாயால சொன்னா புரிலயே. செஞ்சி காட்டேன்.”

பேச்சாளருக்குச் சபை கிடைத்துவிட்டது. சட்டையைக் கழற்றினார். ஏணி போட்டு ஏறினார். மேலே அவர் மூட்டைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒன்றை இறக்கினார்.

“ஒண்ணுன்னா டேக் டவுன்னு. ஒம்போதும் எறக்குனா வேற வார்த்தையா?”

“அதே வார்த்தைதான், பாரு!”

ஒன்பதும் இறங்கின.

“அப்ப டேக் அவுட்டு?”

“உள்ள கீறத வெளிய எடுத்துக்கினு போறது.”

மூட்டைகள் வாசலுக்குப் போயின. உடம்பெல்லாம் வேர்வை. மனசெல்லாம் மாநாடு.

“ரிமூவு?”

“அது பெரிய எடத்து வார்த்தை. இருந்த தடமே தெரியாம பண்ணிடறது.”

“தடம் தெரிதேய்யா! பரண்ல எம்மாம் தூசி, பாரு.”

துடைப்பம் கைக்கு வந்தது. கொடுத்தது யார் என்று அவர் கவனிக்கவில்லை. பரணைக் கண்ணாடி மாதிரி துடைத்துவிட்டு, மூஞ்சி கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது, சொக்கம்மாளும் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளும் கடைசி விதைநெல் மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“டேக் பேக்!” என்று அலறினார். “எடுத்தத திருப்பி எடுத்துக்கினு வர்றதுக்குப் பேரு டேக் பேக்!”

“ஐயே, அந்தப் பாடம் பொங்கல் கயிச்சி வெச்சிக்கலாம்யா.”

கோவிந்தம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். “அக்கா, நாளிக்குப் போகிக்கு எரிக்கப் பழசு வேணுமே. இத்த எடுத்துக்கினு போகட்டா?”

கன்னியப்பன் பாய்ந்துபோய் மூட்டைகள் மேல் உட்கார்ந்தார். தடியடியிலேயே அசையாத உடம்பு.

“மறியல்!” என்றார். “உயிரே போனாலும் இங்கருந்து நகர மாட்டேன்!”

சொக்கம்மாள் வெளியே வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவர் காலடியில் பாயை விரித்து, அவித்த நெல்லைக் கொட்டிப் பரப்பினாள்.

“நகராதே. கோழி வந்தா வெரட்டு.”