மெழுகுவத்தி ஸ்டோருக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ்

"சூப் ரெடி சார்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மெழுகுவத்தி ஸ்டோரில் எப்படி வேலை கேட்பது? ஏசுபாதத்துக்கு அதுதான் கவலை.

ஆறு வருஷமாகத் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்குகிறான். போன வாரம் தலைக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பாறை விழுந்தது. அன்றிலிருந்து, அவனை இறக்கிவிட்ட கேஜ் என்ற இரும்புக்கூண்டு மேலே வரும்வரை அவன் மனைவி, நிறைமாதக்காரி பியாட்ரிஸ், ஷாப்ட் என்ற சுரங்கக் குழியின் வாசலில் வந்து நிற்கிறாள்.

இப்போது மேலே ஒரு வேலை காலி. கீழே இறங்குகிறவர்களுக்கு மெழுகுவத்தி எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சுரங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் துரையிடம் இங்கிலீஷில் பேசித்தான் வேலை வாங்க வேண்டுமாம். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு துரையின் பங்களா பட்லர் ஜெயகரன்தான் முதல் வாத்தியார். இரண்டு நாளில் சூப், சிக்கன், "லிட்டில் மோர் சார்" எல்லாம் சரளமாக வந்துவிட்டது.

"இன்னாங்க இது, மெழுகுவத்திய தொர துன்னவா போறாரு?" என்றாள் பியாட்ரிஸ்.

நியாயமான கேள்வி. சனிக்கிழமை ஷிப்டை விட்டுவிட்டு ஏசுபாதம் கோலாருக்கு ஓடினான். கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் அவனுக்கு மனு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தார். "மோஸ்ட் ஹம்ப்ளி பெக் சார். மை ஃபாதர் இஸ் டெட் சார்."

"எங்கப்பா வேலூர்ல நல்லாத்தானே கீறாரு?"

"இருக்கட்டும்பா. இங்கிலீஷ்ல செத்தாத்தான் வேலை குடுப்பான்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை. ஏசுபாதம் விறைப்பாக நின்று, "மை ஃபாதர் இஸ் ரெடி சார். சூப் இஸ் டெட்" என்றான்.

பியாட்ரிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஐயோ சாமி! மாட்டிகினா, கோயில்ல வெள்ளக்காரப் பாதிரி சொல்ற ஜெபத்த அப்படியே சொல்லுங்க. நடுவுல மட்டும் நிறுத்தாதீங்க."

திங்கட்கிழமை. துரை ஆஜானுபாகுவான ஆள், மீசை மட்டுமே அரை முழம். அவர் முகத்தைப் பார்த்ததும் ஏசுபாதம் ஒரு சலாம் வைத்தான்.

"குட் மார்னிங் சார். மோஸ்ட் ஹம்ப்ளி சிக்கன் ரெடி சார்."

"யெஸ், யெஸ்," என்றார் துரை.

"மை ஃபாதர் இஸ் டெட் சார். லிட்டில் மோர் சார்."

"வெரி குட்," என்றார் துரை. அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது.

கோபம் வந்துவிட்டது, தொலைந்தோம் என்று நினைத்தான் ஏசுபாதம். வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்து, மூச்சு விடாமல் கடைசிவரை சொன்னான். திறந்து பார்த்தால், துரை தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமென்," என்றார். எழுந்து வந்து ஏசுபாதத்தின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். பிறகு பியூன் தங்கவேலுவை உள்ளே கூப்பிட்டுக் காதில் என்னவோ சொன்னார்.

ஏசுபாதத்தோடு வெளியே வந்த தங்கவேலு, "வேலை கெடச்சிடுச்சுபா. இனிமே நீ ஷாப்ட்டுல எறங்க வாணாம்" என்றான்.

வேப்பமரத்தடியில் காத்திருந்த பியாட்ரிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆண்டவரே, என் வயித்துல பால வார்த்த!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஏசுபாதத்துக்கும் கண் கலங்கியது. ஆறு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது போலிருந்தது.

"அப்போ மெழுகுவத்தி ஸ்டோர் சாவிய எப்போ குடுப்பாங்க?" என்று கேட்டான்.

"ஸ்டோரா? அத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க," என்றான் தங்கவேலு. "நம்ம தொர இத்தாலிக்காரருபா, ரொம்ப வருஷமா தமிழ் ஊருல இருந்தவரு, தமிழ் நல்லா பேசறாரு, இங்கிலீஷ்தான் யெஸ், வெரி குட்டுக்கு மேல ஒரு எழுத்து தெரியாது, நாளையிலேந்து நீதான் அவருக்கு இங்கிலீஷ் வாத்தியாராம்!"