எக்ஸும் கியூவும் சுழல் நாற்காலியும்

இப்பூவுலகில் இதுகாறும் தோன்றிய வீரர் எவர்க்கும் மேலானவர், ஒரு மருத்துவமனை மருந்தகத்தின் மூத்த மருந்தாளுநரும் 'அகராதி' என்னும் பட்டம் பூண்டவருமாகிய பெருமானே ஆவார். இதை மறுப்பார் உளரேல், அவர் வீரம் இன்னதென்றே அறியாதவர். யானையை வென்றோர் உண்டு; கோட்டையைத் தகர்த்தோர் உண்டு; கடல் கடந்தோரும் உண்டு. எக்ஸும் இசட்டும் ஒருங்கே பொதிந்த பதினோரெழுத்து ஆங்கிலச் சொல்லை, ஒரு குவளைத் தேநீரில் ஆடை படிவதற்குள் கண்டெடுத்தோர் உண்டோ? வாழ்க அவர் மூக்குக்கண்ணாடி! வாழ்க அவர் காதிடுக்கில் செருகிய நீலப் பேனா!

அம்மருந்தகத்தில் ஆட்கள் மூவர். நல்ல நாற்காலி ஒன்றே. முதுகு சாய்வதும், கைப்பிடி உடையதும், ஐந்து சக்கரங்களில் நான்கேனும் உருள்வதுமான அச்சுழல் அரியணை நீங்கலாக, ஏனைய இருக்கைகளெல்லாம் பிளாஸ்டிக் ஸ்டூல்கள். உட்கார்ந்தால் எழ முடியாததும் எழுந்தால் உட்கார முடியாததுமான ஓர் இடுப்புவலி அகராதியாருக்கு உண்டு. பில் போடும் இளையவள் எல்லாராலும் 'தங்கச்சி' என்று விளிக்கப்படுபவள்; நாள் முழுதும் ஸ்டூலில் குந்தியிருப்பதால் அவளுக்கும் முதுகுவலி வந்துவிட்டது. ஆகவே அரியணைக்குப் போட்டி இருவரிடையே. இருப்புப் பதிவேட்டோடு எந்நேரமும் நின்றுகொண்டே திரியும் ஸ்டோர் அக்கா நடுவர்.

போர்முறை இது. திங்கட்கிழமைதோறும் மூன்று மணிக்குத் தேநீர் வந்ததும், அதன்பின் கவுன்டரை அடையும் முதல் மருந்துச்சீட்டின் மீது மூவரும் குனிவர். மருத்துவரின் கையெழுத்தில் மூவர் கண்ணுக்கும் ஒன்றுபோல் புலப்படும் முதல் இரண்டு எழுத்துகள் எவையோ, அவையே அன்றைய போர்முரசு. அவ்விரண்டும் அடங்கிய மிக நீண்ட சொல்லை எழுதுபவர்க்கு அவ்வாரம் முழுதும் நாற்காலி உரித்து. தேநீரில் ஆடை படிந்தால் போர் முடிந்தது.

பதினொரு வாரங்களாக அசைக்க முடியாது ஆண்ட அகராதியார், தம் ஆட்சிக்காலத்தில் சட்டங்கள் இரண்டு இயற்றியிருந்தார். தங்கச்சி ஒருமுறை இருமல் மருந்தின் பெயர் ஒன்றை எழுதி வெல்லப் பார்த்தபோது பிறந்தது முதற்சட்டம்: "இந்த அலமாரிகளில் அடுக்கப்பட்ட எதன் பெயரும் சொல்லாகாது!" பிறிதொரு நாள் அவள் தன் அம்மாவின் அழைப்பைப் பார்க்கச் செல்போனைத் தொட்டாள்; அப்போது நாற்காலியை ஒரு முழுச்சுற்றுச் சுழற்றிவிட்டு அவர் முழங்கியது இரண்டாவது: "செல்போனில் தேடிச் சொல் எடுப்பவன், பிறர் மென்று கொடுத்ததை விழுங்குபவன்! அவனுக்கு ஸ்டூலும் அதிகம், தரையே தகும்!" தங்கச்சி அம்மாவை அப்புறம் கூப்பிட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டாம் திங்களும் வந்தது. தேநீரும் வந்தது. சளி பிடித்த முதியவர் ஒருவர் சீட்டை நீட்டினார். மூவர் தலைகளும் மோதிக்கொள்ளும் அளவு குனிந்தன. கோழி கிளறிய குப்பைபோல் விரிந்த அக்கையெழுத்துக் காட்டினூடே எக்ஸ் ஒன்று தெரிந்தது. வால் சுருட்டிய கியூ ஒன்றும் தெரிந்தது. மாத்திரையை எடுத்துத் தரட்டுமா என்று அக்கா கேட்டதற்கு முதியவர், தமக்கு அவசரமில்லை என்றும், முடித்துவிட்டே தந்தால் போதும் என்றும் கூறி, கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

மதங்கொண்ட களிறு மரங்களை முறித்தெறிவதுபோல் அகராதியாரின் உள்ளம் சொற்காட்டினுள் புகுந்து சிறுசொற்களை மிதித்துத் துவைத்தது. 'எக்ஸ்க்விசிட்' என்னும் ஒன்பதெழுத்துச் சொல் தானே வந்து அவர் காலடியில் விழுந்தது. ஒன்பதா? அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம் என்று எட்டி உதைத்தார். தேநீரின் விளிம்பில் மெல்லிய சுருக்கம் கண்டது. இடுப்பு விண்ணென்று தெறித்தது. அக்கணத்தே, பதினான்கு ஆண்டுகளாக அவர் கை அறிந்த, அவர் நா அறிந்த, நீளத்தில் மலைப்பாம்பையும் நாணச் செய்யும் பெருஞ்சொல் ஒன்று நெஞ்சில் எழுந்தது. இரு கை விரல்களும் போதாமல் மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டையின் குமிழ்களையும் தொட்டு எண்ணினார். பதினெட்டு! எழுதினார். பேனாவை வாள்போல் கீழே வைத்தார்.

"ஹைட்ராக்சிகுளோரோகுயின்!"

முதியவர் தம்மையறியாமல் கைதட்டிவிட்டார். தங்கச்சி தன் தாளைத் திருப்பிக் காட்டினாள். எக்ஸ்க்விசிட்.

"அண்ணா, அது மருந்துல்ல?" என்றாள் மெதுவாக.

அது வேதிப்பொருளென்றும், விஞ்ஞானச் சொல்லென்றும், அறிஞர் உலகம் அதை மருந்தாக மட்டும் பார்ப்பதில்லையென்றும் அகராதியார் நெடிய உரை நிகழ்த்தினார். அக்கா பதிவேட்டை மூடினாள்.

"சரிப்பா, மருந்து இல்லைன்னே வெச்சுக்குவோம். அப்ப மூணாவது தட்டுல நாப்பது டப்பா எதுக்கு அடுக்கி வெச்சிருக்க?"

எல்லார் பார்வையும் மூன்றாம் தட்டுக்குப் போயிற்று. நாற்பது டப்பாக்களும், பெயர் முன்புறம் தெரியும்படி, அவர் கையாலேயே அடுக்கப்பட்டவை, வரிசை பிசகாமல் நின்றன. தம் சட்டத்தாலேயே தாம் வீழ்ந்த அம்மாவீரர், கைப்பிடிகள் இரண்டையும் ஊன்றி, மூன்று தவணையாக எழுந்தார். தங்கச்சி உட்கார்ந்தாள், சாய்ந்தாள், கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். "நாக்காலி கிடைச்ச பொண்ணுக்கு வாழ்த்துகள். இப்ப என் மாத்திரை?" என்றார் முதியவர்.

அவ்வாரம் அகராதியார் பட்ட பாட்டைப் பாட ஆயிரம் நாவும் போதா. செவ்வாயன்று ஸ்டூலின் ஒரு கால் ஆடியது. அதற்கு மாத்திரை அட்டைப்பெட்டியை மடித்து முட்டுக் கொடுத்தார். புதனன்று முட்டு நழுவியது. வியாழனன்று வலிநிவாரணத் தைலம் கேட்டு வந்தவரிடம் அதன் அருமையை அனுபவ வாயிலாக அரை மணி விளக்கினார். வெள்ளியன்று தங்கச்சி, "வேணும்னா கொஞ்ச நேரம் உக்காருங்கண்ணா" என்றாள். தோற்றவன் இரந்து அமர்வதில்லை என்று மறுத்துவிட்டார். சனியன்று, மறுத்திருக்க வேண்டாமோ என்று நினைத்தார்.

மீண்டும் திங்கள், மீண்டும் மூன்று மணி, மீண்டும் ஆவி பறக்கும் தேநீர். சீட்டு வந்தது. மூவரும் குனிந்தனர். ஜே ஒன்றும் இசட் ஒன்றும், இரு கொடும்பகைவர்போல் அருகருகே நின்றன. தங்கச்சியின் பேனா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. திசையெட்டும் நடுங்க, விண்ணோர் மூச்சடக்கி நோக்க, பதினொரு வாரப் பேரரசர் நெற்றி சுருக்கி, இடுப்பைப் பிடித்து, மெல்ல எழுந்து, ஆரையும் நோக்காமல், "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்றார்.

பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செல்போனை எடுத்தார்.