சீனத்தாரின் தபாலட்டை வகுப்பு

வகுப்பில் இருந்தவர்கள்: நான், வீட்டுக்காரி பூமணியக்கா, அவருடைய ஆடு. இல்லாதவர்: சீனாவைக் கண்ணால் கண்ட யாராவது ஒருவர். அந்தக் குறை ஆசிரியருக்கு ஒரு பொருட்டே அல்ல. சீனாவுக்குப் போகாமலே சீனாவைக் கரைத்துக் குடித்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

சீனக்குடா இறங்குதுறையில் மூட்டை எண்ணும் கிளார்க் அவர். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில் பூமணியக்கா வீட்டு முன்னறையில் அவரும் பின்னறையில் நானும் வாடகைக்கு இருந்தோம். பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஊருக்கே அவர் "சீனத்தார்". கப்பலில் வரும் மாலுமிகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துப் பதிலுக்கு வாங்கிய முப்பத்தொரு சீனத் தபாலட்டைகளை ஒரு பிஸ்கற் ரின்னில், மூடி போட்ட தகரப் பெட்டியில், அடைகாத்தார். ஊரடங்கில் வெளியே போக ஏலாத மாலைகளில் நாளுக்கோர் அட்டையாக வகுப்பு நடக்கும்.

அட்டைகளில் எல்லாரும் சிரித்தார்கள்; ஆகவே சீனாவில் யாருக்கும் பல்வலி கிடையாது. ஓர் அட்டையிலும் மழை இல்லை. ஆகவே அங்கே குடைக்கடை வைத்தவன் உருப்பட்டிருக்கமாட்டான்.

நான் இலங்கைத்துறையில் வலை இழுக்கும் குடும்பத்தில் முதன்முதலாகப் படிப்பை முடித்தவன். பிழையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது படித்தவனுக்கு அழகல்ல என்று நம்பியிருந்தேன். நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவந்து மறுப்பேன்.

"ஐயா, புத்தகத்திலை அப்பிடி இல்லை."

"புத்தகம் எழுதினவர் சீனாவுக்குப் போனவரோ?"

"நீங்கள் போனனீங்களோ?"

"என்னட்டைப் படம் இருக்கு, தம்பி."

படித்ததை வாழ்ந்தும் காட்டினார். ஓர் அட்டையில் குச்சிகளால் சாப்பிடுகிறவர்களைக் கண்டு, புட்டை இரண்டு ஈர்க்குகளால் சாப்பிடத் தொடங்கினார். முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் கறி ஆறிவிடும்.

"கோழி கொத்துற மாதிரிக் கிடக்கு," என்றார் பூமணியக்கா. "கையாலை அள்ளித் தின்னுங்கோ. நான் கோப்பை கழுவ வேணும்."

இன்னோர் அட்டையில் கிழவர்கள் கூண்டுக் குருவிகளோடு பூங்காவில் உலாவினார்கள். மறுநாள் காலை, பூமணியக்காவின் முட்டைக்கோழியைக் கூடையில் வைத்துக் கடற்கரை வீதியில் காற்று வாங்கக் கூட்டிப்போனார். காவலரணில் நின்ற சிப்பாய் கோழியைச் சோதித்தான். கோழி ஒத்துழைக்கவில்லை.

ஒரு விடியற்காலை இராணுவச் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லாரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி என் அடையாள அட்டையில் இலங்கைத்துறை என்ற, போராளிகள் வசமிருந்த ஊரின் பெயரைப் பார்த்தார். அட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னை லொறிப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். லொறியில் ஏறுகிறவர்கள் எப்போது திரும்புவார்கள், திரும்புவார்களா என்பது ஒருவருக்கும் தெரியாது. எதையும் மறுக்கிற நான் மறுக்காமல் போய் நின்றேன்.

அடுத்தது சீனத்தார். வீட்டில் விட்டால் களவு போகும் என்று ரின்னையும் கொண்டுவந்திருந்தார். அதிகாரி அதைத் திறந்தார்.

"இது என்ன எழுத்து?"

பயப்பட வேண்டிய இடத்தில் மனிதர் வகுப்பைத் தொடங்கினார். சிப்பாய்கள் சுற்றிக் கூடினார்கள். வாசலின் இரு பக்கமும் சிவப்புத் தாள் ஒட்டிய வீட்டுப் படமொன்றை உயர்த்திப் பிடித்தார்.

"இது வாக்காளர் இடாப்பு, சேர். வோட்டுப் போடுற ஆக்களின்ரை பேர்ப்பட்டியல். அங்கை வீட்டு வாசலிலைதான் ஒட்டுவினம்."

லொறிப் பக்கம் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லை ஐயா, அது வருசப்பிறப்பு வாழ்த்து."

"நீ கண்டனியோ?"

"புத்தகத்திலை இருக்கு."

"அப்ப ஏன் ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கு? ஒரு பக்கம் ஆம்பிளையள், மற்றப் பக்கம் பொம்பிளையள்."

"அது வாழ்த்து, ஐயா."

அதிகாரி எங்களை மாறிமாறிப் பார்த்தார். "இவன் யார்?"

"என்ரை மாணாக்கன், சேர். ரெண்டு வருசமாய்ப் படிப்பிக்கிறன், மண்டையிலை ஏறுதில்லை."

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். இதற்கிடையில் ஒரு சிப்பாய், ஏரிப் படமொன்றை வீட்டுக்கு அனுப்பக் கேட்டான். அட்டைகளை நாங்கள் விரலால் தொடவே விடாத மனிதர் அதை எடுத்துக் கொடுத்தார். இன்னொரு கை நீண்டது. பிறகு இன்னொன்று. ரின் மைதானத்தைச் சுற்றிவந்து முடியும்போது என் அடையாள அட்டை என் கைக்கு வந்திருந்தது.

"ரெண்டு விசர்ப் பைத்தியமும் வீட்டுக்குப் போங்க," என்றார் அதிகாரி.

வழியில் சீனத்தார் சொன்னார்: "வருசப்பிறப்பு எண்டு எனக்கும் தெரியும். நீ வாய் திறக்க வேணும் எண்டுதான் மாத்திச் சொன்னனான்."

நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை. அடுத்த நாளே பூமணியக்காவுக்கு அதை வாக்காளர் இடாப்பு என்றுதான் விளங்கப்படுத்தினார்.

ஆனால் சீனத்தார் கிணற்றடிக்குப் போன நேரம் ரின்னைத் திறந்து பார்த்தேன். நான்கு அட்டைகள் மிச்சம் இருந்தன. என்னை வீட்டுக்குக் கூட்டிவர அவருக்குச் செலவானது இருபத்தேழு.