ஒரு சாண் குறைந்த கரடி

செத்தாலும் கரடி வேஷம் போடுவதில்லை என்று கறார் தீர்மானம் செய்தார். தீர்மானம் குளியலறையில் நிறைவேறியது. அந்த வீட்டில் அவருடைய தீர்மானங்கள் நிறைவேறுகிற ஒரே இடம் அதுதான்.

கறார் என்பது ஆபீசில் வைத்த பெயர். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. மனுவில் தேதி இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். தேதி இருந்தால் கையெழுத்து கோணல் என்று திருப்பி அனுப்புவார். அவருடைய சாம்பல் நிறப் பேண்ட்டின் இஸ்திரி மடிப்பு ஆபீஸ் முழுக்கப் பிரசித்தம். கத்தி மாதிரி இறங்கும். அந்த மடிப்பு வாசலில் தெரிந்தாலே பேச்சு அடங்கிவிடும். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவே வேண்டாம்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் மனைவி கரடியாக்கியிருந்தாள். அவள் சிறுவர் நாடக அரங்கில் பாட்டு டீச்சர். லீவு விட்டால் போதும், குடும்பத்தோடு வந்து பார்க்கிற மாதிரி ஒரு இசை நாடகம் போட்டுவிடுவார்கள். இந்த முறை ஒரு தூங்குமூஞ்சிக் கரடியின் கதை. தேனீ ஒன்று பாடிப் பாடிக் கரடியை எழுப்பும். எழுந்த கரடி தேனீயோடு சேர்ந்து ஆடும். தேனீ வேறு யாருமில்லை, இவர்களுடைய ஏழு வயது மகள். "எங்கப்பாதான் கரடி" என்று வகுப்பில் ஒருத்தர் விடாமல் சொல்லி முடித்திருந்தாள்.

ஒத்திகையின் முதல் வாரம் கறாருக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் பிடித்தே இருந்தது. உடம்பெல்லாம் கம்பளி. மூஞ்சியை மூடப் பெரிய தலை. உள்ளே யாரென்று எவனுக்குத் தெரியப் போகிறது? அந்தத் தைரியத்தில் இடுப்பைக்கூட ஆட்டினார். அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"கடைசிப் பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் தலையைக் கழட்டிட்டு வணக்கம் சொல்லணும்."

"கழட்டணுமா? எதுக்கு?"

"யாரு நடிச்சாங்கன்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"வேண்டாம்."

"உங்க மேனேஜர் வீட்டுக்கு அஞ்சு டிக்கெட் குடுத்திருக்கேன். முதல் வரிசை."

அதற்குப் பிறகுதான் குளியலறை, தீர்மானம் எல்லாம்.

மறுநாள் காலையில் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு சீட்டை நீட்டினார். 'தொண்டை போச்சு. ஒரு வாரம் பேசக் கூடாதாம். டாக்டர் உத்தரவு.'

"டாக்டரை எப்போ பாத்தீங்க?"

'போனில்' என்று எழுதினார்.

"தொண்டை போனவர் போன்ல என்னன்னு பேசினீங்க?"

பென்சில் அந்தரத்தில் நின்றது. மனைவி அதற்கு மேல் தோண்டவில்லை. பெருந்தன்மை.

"பரவாயில்லை விடுங்க. பாட்டு முழுக்கத் தேனீயே பாடிடும். கரடி உறுமினாப் போதும். உங்களுக்கு அது தூக்கத்துலயே வருது."

ஆக, வேஷமும் போகவில்லை, பேச்சும் போச்சு. உப்பு குறைச்சல் என்பதைக்கூட எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். ஆபீசிலும் ஊமை வேஷம்தான். ரெண்டு நாளில் ஒரு மனுவைக்கூடத் திட்ட முடியவில்லை. உள்ளேயே தேங்கித் தேங்கி மனிதர் உப்பிப்போனார்.

மூன்றாம் நாள் தெருமுனைக் கடைக்குப் போனார். அங்கேதான் டைலர் இருந்தார். கரடியைத் தைத்தவர் அவர்தான். கறார் மஃப்ளரைத் தளர்த்திவிட்டு ரகசியக் குரலில் ஆரம்பித்தார்.

"எனக்குப் பதிலா நீ கரடியாப் போகணும். உறுமணும், ஆடணும். அவ்வளவுதான்யா. ஆட்டம் முடிஞ்சதும் தலையைக் கழட்டாம பின்வாசல் வழியா ஓடிடு."

"உங்க பொண்ணு ஏமாந்து போயிடாதா சார்?"

"குழந்தைக்கு என்ன தெரியும்?"

சொல்லும்போது எங்கேயோ சுருக்கென்றது. கறார் அதைக் கண்டுகொள்ளவில்லை. தேதி இல்லாத மனு மாதிரி திருப்பி அனுப்பிவிட்டார்.

"இது உங்க அளவுக்குத் தச்சது சார். நான் போட்டா காலு ஒரு சாண் நீளமா இருக்கும். தொளதொளன்னு தொங்கும்."

"அந்த இருட்டுல யாருய்யா பாக்கப் போறா?"

"நான் பாப்பேனே சார்!"

ஒரு வழியாக டைலர் தலையாட்டினார். அது போதும் என்று கறார் வந்துவிட்டார்.

சனிக்கிழமை. மத்தியானம் முதல் காட்சி. தேனீ காலையிலேயே மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட சட்டையோடு வந்து நின்றது.

"அப்பா, நீதானே கரடி? நீதானே வருவே?"

கறார் தலையாட்டினார். குழந்தை அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் சரி என்று போய்விட்டது. அவருக்குக் காபி இறங்கவில்லை. சே, ஒரு நாள் கூத்துதானே, இதற்குப் போய் என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

அரங்கில் விளக்கு அணைந்த பிறகு தொப்பியும் மஃப்ளருமாகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் வாண்டுகள். முதல் வரிசையை எட்டிப் பார்த்தார். மேனேஜர் மனைவி இருந்தாள். மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்தாவது நாற்காலி காலி. அட, மேனேஜர் வரவே இல்லை! கறாருக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அவரைக் கெடுத்தது.

மேடையில் தேனீ பாடியது. கரடி எழுந்தது. ஆடவும் ஆடியது. கை ஒரு பக்கம் போனால் கால் இன்னொரு பக்கம் போயிற்று. ஒரு சுற்று சுற்றுவதற்குள் தள்ளாடித் தேனீயின் தோளைப் பிடித்துக்கொண்டது. வாண்டுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டைலருக்கு ஆட்டம் இவ்வளவுதானா! நான் ஆடியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! ஆறு நாள் தேக்கி வைத்திருந்த குரல் கறாரையும் மீறிக் கிளம்பியது.

"கரடியா இது? மூட்டை! மூட்டைக்குக் காலு முளைச்சிருக்கு!"

"மூட்டை! மூட்டை!" என்று வாண்டுகள் பிடித்துக்கொண்டார்கள்.

கரடி சட்டென்று நின்றது. பெரிய தலையைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. தேனீயும் பார்த்தது. கறார் நாற்காலியிலேயே வழுக்கி அரை ஆளானார்.

ஆட்டம் முடிந்தது. பின்வாசல் வழியாக ஓட வேண்டிய கரடி ஓடவில்லை. பாட்டு டீச்சர் மைக்கோடு வந்து கரடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கரடியா நடிக்க இருந்தது என் வீட்டுக்காரர். பாவம், அவருக்குத் தொண்டை போயிடுச்சு. தேனீ தனியா நிக்கக் கூடாதேன்னு ஒருத்தர் ரெண்டே நாள்ல கத்துக்கிட்டு வந்து ஆடியிருக்கார். கை தட்டுங்க!"

தலை கழன்றது. உள்ளே வேர்த்து வழிந்து, வாயெல்லாம் பல்லாக, மேனேஜர்.

"அப்புறம் ஒரு நல்ல சேதி. என் வீட்டுக்காரருக்குக் குரல் திரும்பி வந்துடுச்சு. கடைசி வரிசையில இருக்கார். இப்பதான் நீங்க எல்லாரும் கேட்டீங்க."

அரங்கமே திரும்பியது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று கறார் காத்திருந்தார். பூமி பிளக்கவில்லை. விளக்கைத்தான் போட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் மேனேஜர் கையைக் குலுக்கினார். "தொண்டை தேவலையா? மூட்டைன்னு யாரோ சொன்னாங்க. உள்ள நல்லாவே கேட்டுச்சு." அவர் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. சிரித்தார்.

டைலர் ஊசியும் நூலுமாக ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தார். "நான் ஒரு வார்த்தை சொல்லலை சார்!"

"அவரு எதுவும் சொல்லலை" என்றாள் மனைவி. "புதன்கிழமை கரடியை மாட்டி வைக்கப் போனேன். காலு ரெண்டும் ஒரு சாண் குறைஞ்சிருக்கு. நீங்க ஒரே நாள்ல குள்ளமாயிட்டீங்களா என்ன? அளவு டைலரோடது. கேட்டதும் முழிச்சார். போதாதா? அதே உயரத்துல வேற யாரு இருக்கான்னு யோசிச்சேன். உங்க மேனேஜர்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஒரு போன். 'அடடா, குழந்தை அழக் கூடாது'ன்னு ஓடி வந்துட்டார்."

'மேனேஜர் பார்ப்பாரே என்று நீ வெட்கப்பட்டாய், அந்த மேனேஜரே வெட்கப்படாமல் ஆடிவிட்டுப் போனார்' என்று மனசு இடித்துக் காட்டியது. அதையாவது தாங்கிக்கொண்டிருப்பார். தேனீ வந்து நின்றது. ஒரு இறக்கை தொங்கிப்போயிருந்தது.

"நீ வரமாட்டேன்னு அம்மா சொன்னா. நான்தான், அப்பா கடைசியில வந்துடுவாருன்னு சொன்னேன். காலையில தலையாட்டினியே. அதான் காத்துட்டே இருந்தேன்." தொங்கிய இறக்கையைத் தொட்டுப் பார்த்தது. "என் கூட ஆடறதுக்கு வெக்கமாப்பா உனக்கு?"

இப்போது கறாருக்கு நிஜமாகவே தொண்டை போயிருந்தது. ஊரார் முன்னால் தலை குனிந்ததெல்லாம் அவருக்கு அப்போது ஒன்றுமே இல்லை. அந்த இறக்கையைத்தான் பார்க்க முடியவில்லை. குனிந்து அதை நேராக்கினார்.

"நாளைக்கு ஒரு ஷோ இருக்கு" என்றாள் மனைவி, எங்கேயோ பார்த்தபடி.

"நான் போடறேன்" என்றார் கறார்.

"காலு குட்டையா இருக்குமே?"

டைலர் தலையைச் சொறிந்தார். "வெட்டின துண்டு எங்க போச்சுன்னே தெரியலை சார்."

"இருக்கிறதைக் குடுய்யா!"

மறுநாள் வந்து பார்த்தால் ஆபீசே முதல் மூன்று வரிசையில் உட்கார்ந்திருந்தது. மேனேஜர் கூட்டி வந்திருந்தார். கரடி எழுந்ததுதான் தாமதம், கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சாம்பல் நிறம் பளிச்சென்று தெரிந்தது. கத்தி மடிப்பு.

"ஐயோ, நம்ம கறார் சார்!"

தலை கழன்ற பிறகு தெரிந்தால் ஒரு நிமிஷத்து அவமானம். இது முக்கால் மணி நேரம். கறாருக்கு உச்சந்தலைவரை சுட்டது. ஆனால் தேனீ கையை நீட்டியபோது அவர் பிடித்துக்கொண்டார். இடுப்பையும் ஆட்டினார். மேனேஜர் எழுந்து நின்று விசிலடித்தார்.

வீடு திரும்பியதும் மூச்சு வாங்க உட்கார்ந்து குழந்தையைக் கேட்டார். "எப்படி ஆடினேன்?"

"நல்லாத்தான் இருந்துச்சுப்பா. ஆனா மேனேஜர் மாமா விழப் போனாரு பாரு, அதான் செம."

சரி, கிடைத்தது போதும் என்று நினைத்துக்கொண்டார். முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை தேடி மனைவியின் கைப்பையைத் திறந்தார். மேலாகவே இருந்தன, பழுப்புக் கம்பளித் துண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றும் சரியாக ஒரு சாண்.

"இது உன்கிட்டயா இருந்துச்சு? ஒட்டுப்போட அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காதே!"

மனைவி பையை வாங்கி மூடினாள்.

"உங்களை நம்பி எப்படிங்க ஒட்டுப்போடறது? காலு தெரிஞ்சாத்தானே, உள்ள இருக்கறது நீங்கதான்னு எனக்கே தெரியும்!"